படத்துக்கு வெளியே நிற்கும் நாற்றங்கால்

பிரேசில் ஒளிப்படக் கலைஞர் செபஸ்தியோ சல்காடோ 2025 மே மாதம் பாரிஸில் மறைந்தபோது, அஞ்சலிகள் பலவும் அவரை இருபது லட்சத்துக்கும் மேல் மரம் நட்டவர் என்று போற்றின. அந்தப் புகழ் பொய்யல்ல. ஆனால் அவருடைய படங்களின் மேல் நெடுநாளாகச் சுட்டப்பட்ட தவறையே அது மறுபடியும் செய்கிறது. கரும்பு வெட்டுவோரும் நிலமற்ற உழவர்களும் அவர் படங்களில் மறக்க முடியாத முகங்கள், பெயர்கள்தான் இல்லை. பெயரில்லாத மனிதர் தம் தொழிலுக்கும் துயரத்துக்கும் வெறும் மாதிரியாகிவிடுகிறார் என்று எழுத்தாளர் சூசன் சொண்டாக் 2003இல் கண்டித்தது, அவருடைய இடம்பெயர்ந்தோர் படங்களை முன்வைத்துத்தான்.

இப்போது காட்டின் கதையிலும் அதே கதிதான். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் அய்மோரெஸ் அருகே, சல்காடோ குடும்பத்தின் மாட்டுப் பண்ணை காடழிந்து வறண்டு கிடந்தது. அங்கே மீண்டும் காடு வளர்க்கலாம் என்ற யோசனை மனைவி லேலியாவுடையது. 1998இல் இருவரும் ‘இன்ஸ்டிடியூட்டோ டெர்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டு நடவு. ஆரம்பத்தில் வைத்த கன்றுகளில் நிறையப் பட்டுப்போயின. நாட்டு மர விதை பொறுக்கி, நாற்றங்காலில் முளைக்கவைத்து, மாடு மிதித்து இறுகிய மண்ணில் குழி வெட்டி, பட்டுப்போன இடத்தில் மறுகன்று வைத்தவர்கள் கூலிக்கு வேலை செய்தவர்கள். அது விவசாய வேலை. ‘தொழிலாளர்கள்’ என்றே 1993இல் நூல் வெளியிட்டவரின் காட்டைப் பற்றி எழுதும்போது இது விட்டுப்போவதுதான் வேடிக்கை.

பிரபலமான ஒரு முகம் இல்லாமல் பணம் வருமா என்று கேட்கலாம். வந்திருக்காது, அவர் பெயர்தான் நன்கொடையாளர்களை இழுத்தது. ஆதரவு தந்தவற்றில் வாலே சுரங்க நிறுவனமும் உண்டு. வாலேயும் மற்றொரு சுரங்க நிறுவனமான பிஎச்பியும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் கழிவு அணை 2015இல் உடைந்து, டோசே ஆற்றைச் சேறாக்கியது. அந்த ஆற்றுப் படுகையில்தான் இந்தக் காடும் இருக்கிறது. தனிமனிதத் தவமாகக் கதை சொன்னால் இந்தக் கணக்கு வழக்கெல்லாம் வெளியே நின்றுவிடும். அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிக்கோ கணக்குதான் முக்கியம். தன் நிலத்து ஊற்றுக்கண்ணைச் சுற்றி மரம் வளர்க்க அவர் மேய்ச்சலை விட்டுக்கொடுக்க வேண்டும். வேலிக்குக் கம்பியும் கன்றும் யார் தருவது என்பதே அவருடைய முதல் கேள்வி. இன்ஸ்டிடியூட்டோ டெர்ராவின் ஊற்றுப் பாதுகாப்புத் திட்டம் அவற்றைக் கொடுத்துத்தான் விவசாயிகளைச் சேர்க்கிறது.