முதல் தலைமுறையோடு நின்றுவிடக் கூடாது

உயர்கல்விக்குள் நுழையும் பாதையைத் தமிழ்நாடு படிப்படியாக அகலப்படுத்தியிருக்கிறது. 2010-ல் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது; அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் அது விரிந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆனால், பட்டம் கைக்கு வந்த பிறகு அந்தப் பிள்ளைகள் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே எந்த அரசாணையும் செல்லுபடியாவதில்லை.

வேலைவாய்ப்பு இன்று ஆள் தெரிந்தவர்களின் கைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களில் ஊழியர்களின் ‘ரெஃபரல்’ மூலம் ஆள் எடுப்பது வழக்கமாகிவிட்டது. மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர, தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் சென்னையில் தங்க, வாடகை கட்டக் குடும்பத்தால் முடிய வேண்டும். கூலித் தொழிலாளியின் மகளுக்கு இதில் எதுவும் இல்லை. அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர்கள், அவளைப் போலவே படித்து அவளுக்கு முன்னால் உள்ளே போனவர்கள்தான். அவர்களில் பலர் வாய் திறப்பதில்லை என்பதே நம் கவலை.

அந்த மௌனத்துக்குக் காரணங்கள் உண்டு. எந்தப் பள்ளி, எந்த ஊர், என்ன சாதி என்ற கேள்விகளுக்கு அஞ்சி வேர்களை மறைத்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டியவரைச் சேர்த்துவிட்டார் என்ற பேச்சு வருமோ என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். தகுதியைத் தளர்த்தும்படி யாரும் கேட்கவில்லை; தகுதியைக் காட்ட ஒரு நேர்முகத் தேர்வு கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். ‘நான் யார் தயவிலும் வரவில்லை’ என்பவர்கள், சத்துணவையும் இலவச பஸ் பாஸையும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த ஆசிரியரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏறி வந்தவர் மற்றவர்களுக்கும் வழி திறந்ததற்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில், எதிர்ப்பை மீறி மன்னர் அனுமதித்ததால் படித்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தாய்வழியில் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரானதும் தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டம் கேட்டுப் போராடினார். 1947-ல் அது நிறைவேறியது. விடுதிகள் இடம் மறுத்த தேவதாசி குலச் சிறுமிகளுக்குத் தன் வீட்டிலேயே அடைக்கலம் தந்தார். அதிலிருந்து அவ்வை இல்லம் பிறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவரின் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது. தனக்குக் கிடைத்த விதிவிலக்கை மற்றவர்களுக்கும் உரிமையாக்கியதே அவருடைய வெற்றி.

பழைய மாணவர் சந்திப்புகளில் ஆசிரியர்களுக்குச் சால்வை அணிவித்து, பள்ளிக்கு மின்விசிறியோ நாற்காலியோ வாங்கித் தருகிறோம். நல்ல காரியம்தான், ஆனால் போதாது. ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் தன் முன்னாள் மாணவர்களைத் தொழில்வாரியாகப் பதிவு செய்து, இறுதியாண்டு மாணவர்களோடு இணைக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும். நிறுவனங்கள் காலியிடங்களைப் பொதுவில் அறிவிக்க வேண்டும். பயிற்சிக் காலத்துக்கு ஊதியம் தர வேண்டும். பணியில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு பேருக்காவது பயோடேட்டா திருத்தி, நேர்முகத் தேர்வுக்குப் பழக்கி, தங்கள் நிறுவனத்தில் பரிந்துரைக்க வேண்டும்.

பொறியியல் முடித்த அண்ணன் படிப்புக்குத் தொடர்பில்லாத வேலையில் அல்லாடுவதைப் பார்க்கும் தம்பி, பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொள்வான். அவனைப் பார்த்து அந்தத் தெருவே கல்லூரியின் மேல் நம்பிக்கை இழக்கும். அரை நூற்றாண்டு உழைப்பில் பெற்ற முன்னேற்றம் அப்படித்தான் கரையும். அதைத் தடுக்கும் வலிமை, ஏற்கெனவே ஏறி வந்தவர்களிடம் இருக்கிறது. இந்த ஆண்டு பட்டம் பெறும் பிள்ளைகளிடமிருந்தே அவர்கள் தொடங்க வேண்டும்.