காற்றை அடைத்து வெளிச்சம் வாங்குகிறோம்

ரினோவேஷன் முடித்த வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் முதலில் காட்டுவது சாமி மேடையை இல்லை, கிளாஸ் பிளாக் சுவரைத்தான். "பகல்ல லைட்டே போட வேணாம், பாருங்க" என்பார்கள். நாமும் பார்ப்போம். வெளிச்சம் அலையலையாக மார்பிள் தரையில் விழும். அழகாகத்தான் இருக்கும். எல்லார் நெற்றியிலும் வேர்வை வழிந்துகொண்டிருக்கும், அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் ஏர்கோனைத் தட்டிவிடுவார்.

எனக்கு இந்தச் சுவர்மேல் கோபம். கோபப்பட எனக்கு உரிமை கொஞ்சம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அதை வைக்கச் சொன்னவனே நான்தான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அச்சில் அழுத்திய இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைச் சூட்டோடு வாய்க்கு வாய் ஒட்டினால் அதுதான் கிளாஸ் பிளாக். உள்ளே அழுத்தம் குறைந்த காற்று கொஞ்சம் மாட்டிக்கொண்டிருக்கும். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 190 மில்லிமீட்டர் சதுரம், 80 மில்லிமீட்டர் கனம். இடையில் 10 மில்லிமீட்டர் சிமெண்டு விட்டு அடுக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 25 கல். தன் எடையைத் தாங்கும், மேலே இருப்பதைத் தாங்காது. வெட்ட முடியாது. திறக்கவும் முடியாது.

திறக்க முடியாது என்பதுதான் என் பிரச்சினை.

நம் தாமான் வீடுகளை நினைத்துப் பாருங்கள். இருபது அடி அகலம், எழுபது அடி நீளம். இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு. நடு வீட்டுக்காரனுக்குக் காற்று வர இரண்டே வழி, முன்னால், பின்னால். பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஜன்னலுக்கு மேலே ஒரு வரிசை ஓட்டைக்கல் வைத்தார்கள். அடுக்களையில் நாக்கோ ஜன்னல் வைத்தார்கள், கைப்பிடியை இழுத்தால் கண்ணாடிப் பட்டைகள் சாயுமே, அது. சூடான காற்று மேலே ஏறி ஓட்டைக்கல் வழியாக வெளியே போகும், அந்த இடத்துக்கு முன்வாசலிலிருந்து காற்று வரும். மின்சாரம் வேண்டாம், மெயின்டனன்ஸ் வேண்டாம். பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய கடைவீடுகளின் நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் முற்றமும் இதே வேலையைத்தான் செய்தது.

பிறகு நாம் பணம் சேர்த்தோம். அடுக்களையைப் பின்னால் இழுத்தோம். சாப்பாட்டு அறையின் ஜன்னல் இப்போது அடுக்களைக்குள் திறக்கிறது. நடு அறை ஜன்னலும் அப்படியே. வீட்டின் முதுகு பின்சந்து வரை போய்விட்டது. அங்கே கடைசியாக எழும்பும் சுவரில் என்ன வைப்பது என்று கேள்வி வரும். ஜன்னல் வைத்தால் எதிர்வீட்டு அடுக்களை தெரியும், திருடன் வருவான், கொசு வரும். "கிளாஸ் பிளாக் வச்சிருங்க, வெளிச்சமும் வரும், எவனும் எட்டிப் பார்க்க முடியாது." கொன்ட்ரெக்டர் சொல்வது இதுதான். அவர் சொல்லாவிட்டால் போனில் பார்த்த படம் சொல்லும்.

எங்கள் வீட்டில் சொன்னது நான். அம்மா அடுக்களை இருட்டாக இருக்கிறது என்று பல வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்குப் புதிதாக வேலை, கையில் முதல் முறையாகக் கொஞ்சம் பணம். இரண்டு மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம், அறுபது கல். நானே வரைந்தேன். நான் படித்தது மெக்கானிக்கல். வெப்பக் கடத்தல், காற்றோட்டம் இரண்டிலும் பரீட்சை எழுதிப் பாஸானவன். படம் வரையும்போது அந்த இரண்டு பாடமும் என் தலையில் எந்த மூலையில் படுத்திருந்ததோ தெரியவில்லை.

சுவர் எழுப்ப வந்த துக்காங் இந்தோனேசியர், அப்பா வயசு. பழைய ஓட்டைக்கல்லை உடைத்து எடுத்துவிட்டு, என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆங்ஙின் மாசோக் மானா, போஸ்?" என்று கேட்டார். காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்று. நான் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கப்போகிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். பட்டம் வாங்கிய எனக்கு வராத கேள்வி அவருக்கு வந்தது. இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது.

நான் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது. 1984-ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச்சட்டத்தில், 39-ஆவது விதி. குடியிருக்கும் அறைக்கு ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அதோடு விட்டுவிடவில்லை. தடையில்லாமல் காற்று போகும் திறப்பு 5 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. வெளிச்சம் வேறு, காற்று வேறு என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் அடுக்களை சுமார் 18 சதுர மீட்டர். வெளிச்சத்துக்கு 1.8 போதும், நான் கொடுத்தது 2.4. காற்றுக்கு 0.9 வேண்டும், நான் கொடுத்தது பூஜ்யம்.

ஃபேன் இருக்கிறதே என்பீர்கள். பத்து அங்குல ஃபேனின் ஓட்டை 0.05 சதுர மீட்டர். ஓடும்போது நன்றாகவே இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது வெளியே தள்ளும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். முன்கதவைச் சாத்திவிட்டு அடுக்களையில் ஃபேனைப் போட்டால் அது சத்தம்தான் போடும். தவிர, நம் வீட்டில் எந்த அம்மா சமைத்து முடித்த பிறகும் ஃபேனை ஓடவிடுகிறார்? கரண்ட் பில் பயம். முதலில் அணைவது அதுதான்.

எங்கள் பின்சுவர் மேற்கே பார்த்தது. இந்த நாட்டில் தெற்குச் சுவரும் வடக்குச் சுவரும் தப்பித்துவிடும், கிழக்கும் மேற்கும்தான் வெயிலை வாங்கும். பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறுபது கல்லும் தீப்பிடித்த மாதிரி ஜொலிக்கும். படம் எடுத்து நானே போட்டிருக்கிறேன், லைக்குகளும் வந்தன. தெளிவான கிளாஸ் பிளாக் தன்மேல் விழும் வெயில் சூட்டில் பாதிக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த சூடு திரும்பிப் போக வழியில்லை. கூடவே சோறு வடித்த ஆவி, குழம்பு கொதித்த ஆவி. அடுக்களைக்குள் திறக்கும் ஜன்னல் கொண்ட நடு அறையில்தான் பாட்டி படுப்பார். மூன்று மாதத்தில் அந்த அறையின் மூலையில் கருப்புப் புள்ளிகள் வந்தன. மெத்தையில் ஈர வாடை. பாட்டிக்கு இருமல். ஒரு நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்ஹாலுக்கு வந்துவிட்டார். "ரூமுக்குள்ள அடுப்பு எரியிற மாதிரி இருக்குய்யா. லயத்துலகூட இப்படி இல்ல" என்றார்.

அவர் பிறந்து வளர்ந்த லயத்து வீட்டில் சுவர் கூரையைத் தொடாதாம். பக்கத்து வீட்டுச் சண்டை முழுக்கக் கேட்கும், பக்கத்து வீட்டுக் கருவாடு வாசம் வரும், காற்றும் வரும். லயத்து வாழ்க்கையை நான் கொண்டாடவில்லை. அந்த இல்லாமையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதிலிருந்து வெளியேறி, முப்பது வருடக் கடன் வாங்கி, பேரன் இஞ்சினியராகி, கடைசியில் பாட்டிக்குக் கொடுத்த அறை லயத்தைவிட மோசம் என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கட்டின முறை இன்னொரு கூத்து. செங்கல் தண்ணீரைக் குடிக்கும், அதனால் சிமெண்டு சீக்கிரம் பிடிக்கும். கண்ணாடி ஒரு சொட்டும் குடிக்காது. கலவை கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் மிதக்கும், நழுவும். அதனால் ஒரே மூச்சில் உயரமாக அடுக்கக்கூடாது. சில வரிசைக்கு ஒரு முறை இடைவெளியில் துருப்பிடிக்காத கம்பி ஓட வேண்டும். முக்கியமாக, மேலேயும் இரண்டு பக்கமும் சிமெண்டு போட்டு இறுக்கக்கூடாது. மெத்தென்ற பட்டை வைத்து, வெளியே சிலிக்கோன் பூச வேண்டும். கான்கிரீட் உத்தரம் கொஞ்சம் தொய்யும், கண்ணாடி வெயிலில் கொஞ்சம் விரியும், இரண்டுக்கும் இடம் வேண்டும். துக்காங் மூன்று வரிசையோடு அன்றைக்கு நிறுத்தப் பார்த்தார். கொன்ட்ரெக்டர் விடவில்லை. நாளைக்கு வேறு தாமானில் வேலை, இன்றைக்கே முடி. உத்தரம் வரை சிமெண்டு அடைத்து முடித்தாகிவிட்டது. அடுத்த வருடம் மேல்வரிசையில் இரண்டு கல் விரிசல் விட்டன. விரிசல் விட்டால் உள்ளே ஈரம் புகும், பாசி பிடிக்கும். துடைக்க வழியே இல்லை. மீன் இல்லாத மீன்தொட்டி.

கண்ணாடிக்கல்லின் புகழுக்கு எல்லாரும் காட்டும் வீடு பாரிஸில் இருக்கிறது. பியேர் ஷாரோவும் பெர்னார்ட் பெய்வூட்டும் 1928 முதல் 1932 வரை ஒரு மருத்துவருக்காகக் கட்டிய 'மெசோன் த வேர்'. மேல்மாடியில் குடியிருந்த மூதாட்டி காலி செய்ய மறுத்துவிட்டதால், அவர் மாடியை அப்படியே விட்டுவிட்டு அதற்கு அடியில் கண்ணாடி வீட்டைச் செருகினார்கள். பிடிவாதமான அந்தப் பாட்டிக்காகவே எனக்கு அந்த வீட்டைப் பிடிக்கும். அந்த வீடு நிற்பது நெருக்கமான ஒரு முற்றத்துக்குள், குளிர்நாட்டில். அங்கே வெளிச்சம்தான் தட்டுப்பாடு. அப்படியும் காற்றை அவர்கள் மறக்கவில்லை. பெரிய கூடத்தில் கையால் சக்கரம் சுழற்றித் திறக்கும் காற்றுப் பலகைகள் இருக்கின்றன. நம் கைக்கு வரும் படங்களில் கண்ணாடிச் சுவர் இருக்கிறது, சக்கரம் இல்லை. டோக்கியோவில் ரென்சோ பியானோ கட்டிய ஹெர்மிஸ் கடையையும் காட்டுவார்கள், 2001-இல் திறந்தது, சுமார் 13,000 கண்ணாடிக்கற்கள். அது நாள் முழுக்கக் குளிரூட்டிய கடை. அங்கே யாரும் சம்பல் தாளிப்பதில்லை.

எதிர்த்துச் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. கொசு உண்மை, டெங்கி உண்மை. புகைமூட்டம் வரும் வாரங்களில் ஓட்டைக்கல்லை மூட முடியாது என்பதும் உண்மை. நாக்கோ பட்டைகளைத் திருடன் ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவான் என்பதை எங்கள் தாமானிலேயே பார்த்திருக்கிறோம். கொசுவலையும் கிரில்லும் இதற்குத்தான் இருக்கின்றன. நாக்கோவைப் புகை வந்தால் மூடலாம், போனால் திறக்கலாம். வருடத்தில் சில வாரப் புகைக்காக மற்ற எல்லா வாரமும் மூடியே கிடக்கிற சுவரைக் கட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

கிளாஸ் பிளாக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாடிப்படிப் பக்கச் சுவர், அதுவும் வடக்கோ தெற்கோ பார்த்தால், தாராளமாக வைக்கலாம். முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை. குளியலறையில் கீழே கண்ணாடி, மேலே திறப்பு. வெறும் செங்கல்லாக இருக்கப்போகும் இடத்தில் வையுங்கள். காற்று வந்துகொண்டிருக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

இதையெல்லாம் ஏன் ஓர் இலக்கிய இதழில் எழுதுகிறாய் என்று நண்பன் கேட்டான். வேறு எங்கே எழுதுவது? இந்த நாட்டுத் தமிழ்க் கதைகளில் வீட்டுக்காக அழுத அளவு வேறு எதற்கும் அழுததாக எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள், லயத்தை இடித்தார்கள், மலிவுவிலை வீட்டுக்குப் பெயர் பதிந்தார்கள். நான் படித்த பல கதைகள் தாமான் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் முடிந்துவிடுகின்றன. சாவி வந்த பிறகு அந்த வீட்டுக்குள் யார் எந்த அறையில் படுத்தார்கள், யாருக்கு மூச்சு முட்டியது என்று எழுத ஆளைக் காணோம். கவிதைப் பக்கம் போனால் கண்ணாடி என்றாலே மனசு, வெளிச்சம் என்றாலே விடுதலை. கிளாஸ் பிளாக் பார் வைத்த காப்பிக்கடையில், ஏர்கோனில் உட்கார்ந்து அதைப் படித்துக் கைதட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன்.

போன வருடம் மேலே இரண்டு வரிசையை எடுத்தோம். இருபது கல் எடுக்கப்போய் இருபத்தாறு உடைந்தது, கம்பி ஓடியிருந்ததால். அதே துக்காங்தான் வந்தார், இந்த முறை கொன்ட்ரெக்டர் இல்லாமல். கீழ்வரிசையில் உடைந்த ஆறுக்குப் புதுக்கல் வைத்துச் சரிசெய்தார். மேலே நாக்கோ, வெளியே கிரில், உள்ளே வலை. பட்டைகளை முழுக்கத் திறந்தாலும் 0.8 சதுர மீட்டருக்கு மேல் வராது, சட்டக் கணக்குக்கு இன்னும் குறைதான். மீதி நாற்பது கல் வழியாகப் பிற்பகல் வெயில் இன்னும் வருகிறது, அம்மா மூங்கில் தட்டி வாங்கி வெளியே தொங்கவிட்டிருக்கிறார். வெளிச்சத்துக்காக வைத்த சுவருக்கு இப்போது திரை.

பாட்டி நடு அறைக்குத் திரும்பவில்லை. முன்ஹாலே பழகிவிட்டது என்கிறார். ராத்திரி அந்த அறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நான்தான் அங்கே படுக்கிறேன்.