முகவரி படிக்கக் கற்போம்

இணையத்தைப் பயன்படுத்துவோர் பலர்; அதன் சொற்களை அறிந்தோர் சிலர். கல்லூரி விண்ணப்பம், தேர்வு முடிவு, உதவித்தொகை, இரயில் சீட்டு, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. ஆயினும், உலாவி எது, தேடுபொறி எது, வலைத்தளம் எது என்று கேட்டால், பட்டம் பெற்றோரும் “எல்லாம் கூகுள்தானே!” என்று கூறிவிடுகின்றனர். இதைச் சிறு குறை என்று நான் கருதவில்லை. சொல்லின் பொருள் விளங்காத இடத்திலேதான் ஏமாற்றுவோன் நுழைகிறான்.

இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் அமைப்பு. அமெரிக்காவில் 1969இல் இயங்கத் தொடங்கிய ஆர்ப்பாநெட் அதன் முன்னோடி. வலை என்பது வேறு. செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் அதற்குத் திட்டம் வகுத்தார். இணையத்தை இருப்புப்பாதை என்று கொண்டால், அதன்மேல் ஓடும் வண்டிகளுள் ஒன்று வலை, மின்னஞ்சல் மற்றொன்று. நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இவ்வசதி கிட்டியது 1995 ஆகஸ்டு 15ஆம் நாளில்.

பக்கங்கள் பல சேர்ந்தது வலைத்தளம். அப்பக்கங்களைத் தன்னிடம் வைத்திருந்து, கேட்பவர்க்கு அனுப்பும் கணிப்பொறியை ‘சர்வர்’ என்கிறோம், தமிழில் வழங்கி. அவற்றைப் பெற்று நம் திரையில் காட்டும் மென்பொருள் உலாவி. குரோம், பயர்பாக்ஸ் ஆகியவை இவ்வகையின. எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் உள்ளது என்று தேடித் தருவது தேடுபொறி. கூகுள் தேடல் இவ்வகையைச் சேர்ந்தது. தேடுபொறி வழி காட்டலாம். வழியில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் அது பிணை நிற்பதில்லை.

இவை எல்லாவற்றினும் நாம் முதலில் கற்க வேண்டியது முகவரி. இணையத்தில் கணிப்பொறிகள் எண்களால் அறியப்படுகின்றன. எண்களை நினைவிற்கொள்ளல் அரிது என்பதால், 1983இல் பெயர்முறை ஒன்று வகுக்கப்பட்டது. அப்பெயரே ‘டொமைன்’ எனப்படும் களப்பெயர். அஞ்சல் உறையில் ஆள், தெரு, ஊர், மாநிலம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்கிறோம் அல்லவா? களப்பெயரும் அவ்வாறே, பெரியது வலக்கோடியில் நிற்கும். தொடக்கத்து எச்.டி.டி.பி.எஸ்.ஸையும் அதனைத் தொடரும் இரு சாய்கோடுகளையும் நீக்கி, அடுத்த சாய்கோடு வரை உள்ளதை எடுத்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடியும் பெயர் இந்திய அரசு அமைப்புகளுக்கு உரியது. அதே எழுத்துகள் நடுவில் நின்று, அவற்றிற்கும் வலப்பக்கத்தே வேறொரு பெயரும் ‘டாட் காம்’ என்பதும் தொடருமாயின், அது அரசின் தளம் அன்று. ‘டாட் காம்’ பெயரை எவரும் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ளலாம். இடப்பக்கத்தில் ‘உதவித்தொகை’ என்று கண்டவுடன் மகிழ்ந்து, வலப்பக்கத்தைப் பாராமல் வங்கி எண்ணைத் தருவோர் இழப்பது எத்துணை!

“பூட்டுப் படம் இருந்ததே!” என்பர் சிலர். நமக்கும் அத்தளத்திற்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படிக்க இயலாது என்பதே பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவன் நல்லவன் என்பது அதன் பொருள் அன்று. கள்வனுடனும் கமுக்கமாகப் பேசலாமே! பூட்டைக் கண்டு மக்கள் தளத்தையே நம்பிவிடுகின்றனர் என்பதனால்தான், 2023இல் குரோம் உலாவியில் அப்படத்தை மாற்றி வேறு சின்னம் வைத்தனர்.

“பொறியின் நுட்பம் அறியாமலே பேருந்தில் செல்கிறோம், இவையெல்லாம் எதற்கு?” என்று கேட்கலாம். பொறியை அறிய வேண்டியதில்லை, உண்மை. ஆனால் பேருந்தின் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டாமா? நான் கூறும் சொற்கள் பலகையில் உள்ளவை.

ஊரைவிட்டுத் தொலைவில் வந்து பயிலும் நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. “இந்த இணைப்பை அழுத்தலாமா, தம்பி?” என்று பெற்றோரும் உற்றாரும் தொலைபேசியில் கேட்பது நம்மைத்தான். “அழுத்தாதீர்கள்” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், நாளை வரும் இணைப்பிற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? முகவரியை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதைத் தமிழிலே, பொறுமையோடு, ஒருமுறை விளக்கிச் சொல்வோம். பணம் பறிபோய்விட்டால் தயங்காது 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். நம் சங்கமும் ஆண்டுக்கு ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கினால், படித்த படிப்பு ஊருக்குப் பயன்பட்டது என்று நாம் மகிழலாம்.