ஏழும் வந்து சேர்ந்தன

ராப் உலகில் அறிவிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. 'வருகிறது, வருகிறது' என்று சொல்லியே பத்து வருடத்தைக் கடத்திய ஆல்பங்கள் உண்டு. கடைசிவரை வராமலே போனவை அதைவிட அதிகம். 2025 ஏப்ரலில் நியூயார்க் ராப்பர் நாஸின் மாஸ் அப்பீல் லேபிள், அந்த ஆண்டு முடிவதற்குள் ஏழு ஆல்பங்கள் வெளியாகும் என்று அறிவித்தது. 'லெஜண்ட் ஹேஸ் இட்' என்று அந்த வரிசைக்குப் பெயர். நாஸும் டிஜே பிரீமியரும் சேர்ந்து செய்யும் ஆல்பமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த ஆல்பத்தைப் பற்றிய பேச்சு 2006ஆம் ஆண்டிலேயே ஒரு பத்திரிகை அட்டையில் தொடங்கியது. பத்தொன்பது வருடமாக வராத ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு இன்னும் ஆறைச் சேர்த்து வாக்குக் கொடுப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

வாக்கு காப்பாற்றப்பட்டது. ஜூனில் ஸ்லிக் ரிக், ஜூலையில் ரேக்வான், ஆகஸ்டில் கோஸ்ட்ஃபேஸ் கில்லா, அக்டோபரில் மோப் டீப்பும் பிக் எல்லும், நவம்பரில் டி லா சோல், டிசம்பர் 12 அன்று நாஸும் பிரீமியரும். ஏழும் வந்து சேர்ந்தன. 2025இல் இசையில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்தப் பெயர்களை இன்னொரு முறை பாருங்கள். புதுமுகம் ஒருவர்கூட இல்லை. ஆல்பம் வந்தபோது ஸ்லிக் ரிக்குக்கு வயது 60. பிக் எல் 1999 பிப்ரவரியில் ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டவர். மோப் டீப்பின் ப்ராடிஜி 2017இல் இறந்தார், டி லா சோலின் டேவ் 2023இல். ஒரு லேபிள் ஆண்டு முழுவதும் முதியவர்களையும் மறைந்தவர்களையுமே நம்பி இறங்கியிருக்கிறது. இளசுகளின் பின்னால் ஓடுவதே தொழில் என்றாகிவிட்ட ராப் சந்தையில் இதற்கு முன் இப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

ஹிப்ஹாப்புக்கே இன்னும் பெரிய வயதாகிவிடவில்லை. பிராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த விருந்தைத்தான் அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். நாஸ் பிறந்தது அதற்கு அடுத்த மாதம். கலையும் கலைஞனும் ஒரே வயது. நம் ஊரில் கச்சேரி வித்வானுக்கு அறுபது தாண்டினால்தான் பாட்டில் கனிவு கூடியிருக்கிறது என்று சபை முன்வரிசைக்கு ஓடுகிறது. ராப்பில் நாற்பதைத் தொட்டவரையே 'ஓய்வெடுத்துக்கொள்ளலாமே' என்கிறார்கள். வயதான ராப்பர் எப்படி இருப்பார், எதைப் பற்றிப் பாடுவார் என்பதற்கு முன்மாதிரி கிடையாது. அந்த முதல் தலைமுறை இப்போதுதான் மூப்படைகிறது. அவர்களுக்கு ஸ்டுடியோ நேரமும் தயாரிப்புச் செலவும் வெளியீட்டுத் தேதியும் கொடுக்க யாராவது வேண்டாமா?

நாஸ் அதைச் செய்யும் இடத்தில் இருக்கிறார். குயின்ஸ்பிரிட்ஜ் என்ற மாபெரும் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தந்தை ஓலு தாரா ஜாஸ் இசைக்கலைஞர். இருபது வயதில் 1994இல் வெளியிட்ட 'இல்மாட்டிக்' இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இருக்கிறது. பின்னாளில் தொழில்நுட்ப நிறுவனங்களில் முதலீடு செய்தும் சம்பாதித்தார். 1996இல் கிராஃபிட்டி பத்திரிகையாகத் தொடங்கிய மாஸ் அப்பீலில் பங்குதாரராகச் சேர்ந்தார். 2014இல் அதன் பெயரில் லேபிள் வந்தது. 2019இல் அதன் இந்தியக் கிளை மும்பை ராப்பர் டிவைனோடு தொடங்கியது. பணமும் பெயரும் கூடி வந்த ராப்பர் சொந்தமாக லேபிள் வைப்பது புதிதல்ல. தன்னைவிட மூத்தவருக்கு அதன் கதவைத் திறந்துவிடுவதுதான் அபூர்வம்.

ஸ்லிக் ரிக்கின் 'விக்டரி' அவருக்கு 26 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஆல்பம். லண்டனில் ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்து, குழந்தையிலேயே கண்ணாடிச் சில்லு பட்டு வலது கண் பார்வையை இழந்து, பிராங்ஸில் வளர்ந்தவர். ராப்பில் கதை சொல்வது என்றால் இன்றைக்கும் அவர்தான் இலக்கணம். சிறைவாசம், அதன் பிறகு நாடு கடத்தல் வழக்கு என்று ஆண்டுகள் போயின; 2008இல் நியூயார்க் ஆளுநர் மன்னிப்பு வழங்கிய பிறகே நிம்மதி கிடைத்தது. இப்போதைய ஆல்பம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சுருக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற பெரியவரின் பேச்சு அது. ரேக்வானும் கோஸ்ட்ஃபேஸும் தங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே நன்றாகச் செய்திருக்கிறார்கள். இந்த இருவரின் வூ டாங் குழுவுக்கு ரசிகர்களாக இருப்பவர்களுக்கு அது போதும்.

என் மனம் திரும்பத் திரும்பப் போவது மோப் டீப்பின் 'இன்ஃபினிட்'டிடம். ஹேவக்கும் ப்ராடிஜியும் மன்ஹாட்டன் பள்ளி ஒன்றில் சந்தித்த பையன்கள். அவர்களுடைய 'தி இன்ஃபேமஸ்' 1995இல் வந்தது. சரியாக முப்பது ஆண்டு. ப்ராடிஜிக்குப் பிறவியிலிருந்தே சிக்கிள் செல் ரத்த நோய். உடம்பு முழுக்க அந்த வலியைச் சுமந்தபடி பாடியவர் 42 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் பதிவு செய்து வைத்திருந்த வரிகளை எடுத்து, ஹேவக்கும் தயாரிப்பாளர் தி ஆல்கெமிஸ்ட்டும் பீட் எனும் பின்னணித் தாள இசை அமைத்து முழு ஆல்பம் ஆக்கியிருக்கிறார்கள். இறந்தவரின் குரலைத் தோண்டி எடுத்துக் காசாக்குவது ராப்பில் நாற்றமடிக்கும் பழக்கம். இது அந்த வகை அல்ல. கூடவே வளர்ந்தவன், எந்த இடத்தில் அவன் மூச்சு வாங்குவான், எந்தச் சொல்லை அழுத்துவான் என்று தெரிந்தவன் உட்கார்ந்து செய்த வேலை என்பது ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது. பீட் எங்குமே ப்ராடிஜியின் குரல்மேல் ஏறி உட்காரவில்லை.

பிக் எல் ஆல்பத்தில் அந்த நிறைவு எனக்குக் கிடைக்கவில்லை. 24 வயதில் செத்துப்போன ஒருவர் விட்டுச் சென்றது கொஞ்சம்தான். அதையும் ரசிகர்கள் பல வருடமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஜே-ஸியோடு 1995இல் வானொலியில் பாடிய அந்தப் புகழ்பெற்ற ஏழு நிமிட ஃப்ரீஸ்டைலும் இதில் இருக்கிறது. ஆவணமாக அதற்கு மதிப்பு உண்டு. முழு ஆல்பமாகக் கேட்கும்போது ஒட்டுப்போட்ட இடங்கள் தெரிகின்றன.

டி லா சோலுக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. 1989இல் வந்த முதல் ஆல்பத்திலேயே பழைய இசைத்தட்டுகளிலிருந்து சிறுசிறு துண்டுகளை எடுத்துக் கோத்து ராப்பின் முகத்தையே மாற்றியவர்கள். அந்தத் துண்டுகளுக்கான உரிமைச் சிக்கலும் லேபிளோடு இருந்த பிணக்கும் சேர்ந்து, உலகமே ஸ்ட்ரீமிங்குக்கு மாறிய பிறகும் அவர்களுடைய முக்கிய ஆல்பங்களை வெளியே விடவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அவர்கள் இருந்ததே தெரியாது. ஒருவழியாக 2023 மார்ச் 3 அன்று பாட்டெல்லாம் ஸ்ட்ரீமிங்கில் ஏறின. டேவ் அதற்கு முன் பிப்ரவரி 12 அன்றே இறந்துவிட்டார். மூன்று வாரம்கூட இல்லை. 'கேபின் இன் தி ஸ்கை' ஆல்பத்தில் அவர் குரல் இருக்கிறது. மிச்சமிருக்கும் இருவரும் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் நின்று அழுது வடியாமல், பழைய குறும்போடு பாடுகிறார்கள். துக்கத்தை இப்படியும் பாடலாம் என்று எனக்குக் காட்டிய ஆல்பம் இது.

நாஸும் பிரீமியரும் செய்த 'லைட் இயர்ஸ்' ஆல்பத்தில் 'பாஸ் டேப்ஸ்' என்று ஒரு பாட்டு. டேப் ரெக்கார்டரோடு வளர்ந்தவர்களுக்கு அந்த வித்தை உடனே பிடிபடும். கேசட்டில் ஓடும் பாட்டில் டிரம் மட்டும் தனியாக வரும் சில நொடிகள் இருக்கும். அதை இன்னொரு கேசட்டில் பதிய வேண்டும். முடியும் நொடியில் பாஸ் பொத்தான். முதல் கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றி அதே இடத்துக்கு வந்ததும் பாஸை விட வேண்டும். மறுபடி, மறுபடி. கை ஒரு இமைப்பொழுது பிந்தினால் தாளம் தப்பிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கருவி வாங்க வசதியில்லாத பிள்ளைகள் பீட் செய்யக் கற்றது இப்படித்தான். ஐம்பத்திரண்டு வயதில் பாட இதைவிட நல்ல பொருள் நாஸுக்கு அமைந்திருக்க முடியாது. இளைஞன் வேஷம் போடாமல், தன் கைக்குப் பழகிய தொழிலைப் பற்றிப் பேசுகிறார்.

ஒரு பெரிய குறையைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏழு ஆல்பங்களில் ஒன்றுகூட ஒரு பெண்ணின் பெயரில் இல்லை. தேடி அலையத் தேவையில்லாத பெயர் ஒன்று நாஸ் வளர்ந்த அதே குயின்ஸ்பிரிட்ஜிலேயே இருக்கிறது: ராக்ஸேன் ஷாண்டே. 1984இல் பதினான்கு வயதுச் சிறுமியாக மார்லி மார்லின் வீட்டில் 'ராக்ஸேன்ஸ் ரிவெஞ்ச்' பாடி, அந்தக் குடியிருப்பின் பெயரை ராப் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர். நாஸ் அப்போது பதினொரு வயதுப் பையன். 2025இல் கிராமி அமைப்பு ஷாண்டேவுக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. விருது நல்லதுதான், ஆனால் பாடகிக்கு வேண்டியது ஸ்டுடியோவும் பீட்டும் வெளியீட்டுத் தேதியும். ராப் பாடகி எம்சி லைட் இருக்கிறார், இன்னும் பலர் இருக்கிறார்கள். மாஸ் அப்பீல் அடுத்த பட்டியலை அறிவிக்கும்போது அதன் முதல் வரியில் ராக்ஸேன் ஷாண்டேவின் பெயர் இருக்க வேண்டும். சொன்னதைச் செய்து காட்டிய மனிதர் என்பதால்தான் நாஸிடம் இதைக் கேட்கிறேன்.