முதலில் அட்டவணை, பிறகு குறியீடு

கியூஆர் குறியீடு நமக்குப் புதிதன்று. கோவிட் காலத்தில் மைசெஜாத்ரா செயலியைத் திறந்து, கடைவாசலில் ஒட்டியிருந்த குறியீட்டை வருடாமல் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கூட வாங்க முடியாத நிலை இருந்தது. இன்று பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்களும் நிகழ்ச்சி வருகைப் பதிவு, நற்சான்றிதழ், கண்காட்சி என எல்லாவற்றிற்கும் குறியீடுகளை நூற்றுக்கணக்கில் அச்சிடுகின்றன. வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால், குறியீட்டின் அழகுக்கு நாம் கொடுக்கும் கவனத்தை அதன் பின்னால் இருக்கும் எக்செல் அட்டவணைக்குக் கொடுக்கிறோமா? இல்லை என்பதே என் கருத்து. இதை அனுபவப்பட்டே சொல்கிறேன்.

நான் செர்காமில் வளர்ந்தவன். மலாக்காவிலிருந்து மூவார் செல்லும் சாலையில், மெர்லிமாவுக்கு முன்னால் வரும் சிற்றூர் அது. வெளியூர்க்காரர்களுக்குச் செர்காம் என்றால் கடற்கரையோரச் சுட்ட மீன்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கோ சுற்றிலும் இருந்த தோட்டங்கள்தாம் செர்காம். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் காலியாயின. மக்கள் பட்டணம் போனார்கள். எஞ்சியவை வீடுகளில் இருந்த பழைய நிழற்படங்களே.

அப்படங்களைத் திரட்டிக் கோயில் திருவிழாவின்போது காட்சிக்கு வைத்தோம். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு குறியீடு. அதை வருடினால் படத்தில் உள்ளவரின் வாழ்க்கைக் குறிப்பு கைபேசியில் வரும். அட்டவணையில் படத்தின் எண், பெயர், இணைப்பு ஆகியவற்றை நிரப்பி, குறியீடு உருவாக்கும் மென்பொருளில் ஏற்றி, ஒரே இரவில் வேலையை முடித்துவிட்டோம். பெருமைதான் எங்களுக்கு.

மறுநாள் ஒரு பாட்டி தம் கணவரின் படத்தருகே நின்றார். பேரன் குறியீட்டை வருடி, வந்ததைப் படித்துக் காட்டினான். பாட்டி என்னைப் பார்த்து, "இது எங்க வீட்டுக்காரரு கதை இல்லையே தம்பி. அவரு லோரி ஓட்டல, பால்மரம்தான் வெட்டுனாரு" என்றார்.

நடந்தது இதுதான். அட்டவணையின் நடுவே ஒரு பத்தியை வெறுமையாக விட்டிருந்தோம். பெயர்களை அகர வரிசையில் அடுக்கியபோது, எக்செல் அந்த வெற்றுப் பத்தியையே எல்லையாகக் கொண்டது. எண்ணும் பெயரும் நகர்ந்தன. அப்பால் இருந்த இணைப்புகள் நகரவில்லை. ஒருவர் வாழ்க்கை இன்னொருவர் படத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பாட்டி உயிரோடு இருந்ததால் பிழை தெரிந்தது. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து யார் வந்து சொல்வார்கள்?

1994-ஆம் ஆண்டு ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர்தம் குழுவினரும் இக்குறியீட்டை உருவாக்கியது, கார் உதிரிப்பாகங்களைப் பிழையின்றிக் கணக்கு வைக்கத்தான். குறியீட்டின் ஒரு பகுதி அழுக்கானாலும் கிழிந்தாலும், 30 விழுக்காடு வரையிலான சேதத்தைத் தாங்கி அதனால் வேலை செய்ய முடியும். ஆனால், உள்ளே நாம் இட்ட செய்தியே தவறென்றால் அதை எந்தக் கணிதமும் திருத்தாது. 2018-இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் குறியீடுகள் இடம்பெற்றன. அத்தகைய நூலுக்கான அட்டவணையில் ஒரு வரிசை பிழையானால், அச்சாகும் ஒவ்வொரு படியிலும் அது பிழைதான்.

எனவே, சில வழக்கங்களை நாம் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு வரிசை. நடுவே வெற்றுப் பத்தியோ இணைத்த கட்டங்களோ கூடாது. பெயரை அடையாளமாகக் கொள்ளாமல் தனி எண் கொடுக்க வேண்டும். ஒரே தோட்டத்தில் எத்தனை முனியம்மா, எத்தனை பெருமாள்! அந்த எண்ணையும் 001 என்று அடித்தால் எக்செல் 1 என்று சுருக்கிவிடும். தொலைபேசி எண்ணின் முதல் பூச்சியமும் இப்படித்தான் காணாமற்போகிறது. 2000 முதல் 2009 வரை பிறந்த மாணவர்களே, உங்கள் அடையாள அட்டை எண்ணும் பூச்சியத்தில்தான் தொடங்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்! அடிப்பதற்கு முன்பே அப்பத்தியை உரை வடிவத்திற்கு மாற்றிவிட்டால் இச்சிக்கல் இல்லை. ஆனால், அடையாள அட்டை எண்ணைக் குறியீட்டுக்குள் வைக்கவே கூடாது. கைபேசி உள்ள எவரும் அதைப் படித்துவிடலாம்.

அடுத்தது தமிழ். கோப்பைச் சாதாரண சிஎஸ்வி வடிவில் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். யுடிஎஃப்-8 என்று குறிக்கப்பட்ட சிஎஸ்வி வடிவைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து தப்பும். இது தெரியாமல், "தமிழ் வரமாட்டேங்குது, ரோமன் எழுத்திலேயே போட்டுடலாம்" என்று முடிவெடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறனைப் போன்றோர் கணினியில் தமிழைக் கொண்டுவர உழைத்த நாட்டில், தமிழ்க் கழகமே ஒரு பட்டியைச் சொடுக்கச் சோம்பித் தமிழைக் கைவிடலாமா?

இறுதியாக, இணைப்பு நம்முடையதாக இருக்க வேண்டும். சில இலவசச் சேவைகள் தங்கள் முகவரி வழியாகவே குறியீட்டைத் திறக்கச் செய்கின்றன. அச்சேவை நின்றாலோ கட்டணம் கேட்டாலோ, சுவரில் ஒட்டிய குறியீடு வெறும் கறுப்புக் கட்டமே.

வேலைப்பளு மிகுந்த மாணவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா என்று சிலர் கேட்கலாம். அச்சிடுவதற்கு முன் பத்து வரிசைகளை அங்குமிங்குமாக எடுத்து, கைபேசியில் வருடி, ஒருவர் படிக்க மற்றொருவர் அட்டவணையோடு ஒப்பிட அரை மணி நேரம் போதும். நாங்கள் அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தினோம். அதற்காக ஒரு மூதாட்டியிடம் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது.

அன்றிரவே அட்டவணையைத் திருத்தி மீண்டும் அச்சிட்டோம். மறுநாள் பாட்டி வந்தார். பேரன் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஆமா, இதுதான் அவரு" என்றார். அந்த ஒரு சொல்லை வாங்கித் தருவது குறியீடன்று, அட்டவணை.