பண்ணையில் பிறந்ததாகச் சொல்லப்படும் பாம்பு

“ஃபார்ம்ல பொறந்தது டாக்டர். ரெண்டு மாசமா எதுவும் சாப்பிடல.” பால் பைத்தானைத் துணிப்பையிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ கொண்டுவருபவர்கள் சொல்லும் வரலாறு பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடுகிறது. கேஸ் ஷீட்டில் பசியின்மை என்று எழுதி, ஒரு பி காம்ப்ளெக்ஸும் ஒரு ஆன்டிபயாடிக்கும் போட்டு அனுப்பிவிடும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. உரிமையாளர் சொன்ன முதல் இரண்டு சொற்களைச் சோதிக்காமல் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது என்பதே இந்த இதழில் நான் வலியுறுத்த விரும்புவது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு பாம்பையும், வேறுவிதமாக நிரூபணமாகும்வரை, காட்டில் பிடித்த பாம்பாகவே நாம் நடத்த வேண்டும்.

பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் எலிவளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழ்வது. பல பத்தாண்டுகளாக அங்கிருந்து லட்சக்கணக்கில் உயிரோடு ஏற்றுமதியாகியிருக்கிறது. முட்டை சுமக்கும் பெண் பாம்பை வளையிலிருந்து தோண்டியெடுத்து, வணிகரின் கூடத்தில் முட்டையிடவைத்து, பொரிந்த குஞ்சுகளை அனுப்புவது அங்கே பெரும் தொழில். ‘ராஞ்சிங்’ எனப்படும் இந்த முறைக்கு, வனவிலங்கு வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் அனுமதிச்சீட்டில் ‘ஆர்’ என்று தனிக் குறி உண்டு. காட்டில் பிடித்ததற்கு ‘டபிள்யூ’, கூண்டில் இனப்பெருக்கம் செய்ததற்கு ‘சி’. நம் ஊர் விற்பனையாளரின் வாயில் இந்த மூன்றும் ‘ஃபார்ம்’ ஆகிவிடுகின்றன.

குறியையும் அப்படியே நம்ப முடியாது. இந்தோனேசியாவிலிருந்து பண்ணைப் பிறப்பு என்று ஏற்றுமதியாகும் பச்சைப் பைத்தான்களில் ஏறத்தாழ 80 சதவீதம் காட்டில் பிடிக்கப்பட்டவை என்று ஜெசிக்கா லயன்ஸ், டேனியல் நாட்டுஷ் இருவரும் 2011-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பண்ணைகள் காட்டுப் பாம்புக்குக் காகிதம் தயாரிக்கும் இடமாக இருந்தன.

இங்கே நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் பல பாம்புகளுக்கு அந்தக் காகிதமும் இல்லை. 2023 ஏப்ரல் இறுதியில் கோலாலம்பூரிலிருந்து சென்னையில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டன. அதற்கு முன்னும் பின்னும் இப்படிப் பல. பிடிபடாமல் நுழைபவைதான் நம் மேசைக்கு வருகின்றன. வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்களுக்காக 2020 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த தன்விருப்ப அறிவிப்புத் திட்டம், ஆறு மாதத்துக்குள் அறிவித்தவர்களிடம் மூல ஆவணம் எதையும் கேட்கவில்லை. 2022-இன் வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டமும் 2024-இன் பதிவு விதிகளும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவதைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆனால் அந்தப் பதிவு பாம்பு யாரிடம் இருக்கிறது என்பதற்குத்தான் சான்று. அது எந்த வளையிலிருந்து வந்தது, வழியில் எந்தப் பாம்போடு ஒரே பையில் கிடந்தது என்பதற்கு அல்ல.

காட்டில் பாம்பும் அதன் ஒட்டுண்ணிகளும் ஒருவாறு ஒத்துப்போய் வாழ்கின்றன. பிடித்து, பையில் கட்டி, தண்ணீரில்லாமல் வாரக்கணக்கில் அலைக்கழித்து, வெயில் காயவும் வழியில்லாமல் வைத்தால் உடலின் எதிர்ப்பு சரிகிறது. அதற்குப் பிறகு கண்ணாடிப் பெட்டி. இடைநிலை விருந்தோம்பி தேவைப்படாத புழுக்களுக்கு அது சொர்க்கம். கலிசெபாலஸ் கொக்கிப்புழுவும் ராப்டியாஸ் நுரையீரல் புழுவும் பாம்பின் மலத்திலிருந்தே திரும்பப் பாம்புக்குள் போய்விடும். காட்டில் ஒரு பாம்பு தன் மலத்தைத் திரும்பத் தொடுவது அபூர்வம். இரண்டடிப் பெட்டியில் தினமும் அதன்மேல்தான் படுத்திருக்கிறது. குடற்புழு மருந்து எழுதிக்கொடுத்துவிட்டுத் தேங்காய்நார்ப் படுக்கையை அப்படியே விட்டுவைத்தால் அந்த மருந்தால் பயனில்லை. முதல் மூன்று மாதம் செய்தித்தாள் விரிப்பு, அழுக்கானதும் மாற்றம், இதுவும் சிகிச்சையின் பகுதி.

இடைநிலை விருந்தோம்பி தேவைப்படும் புழுக்கள் வேறொரு விதத்தில் நமக்கு உதவும். கூண்டில் பிறந்து, பண்ணை எலியை மட்டுமே தின்று வளர்ந்த பாம்புக்கு நாப்புழு, அதாவது பென்டஸ்டோம், வர வழியில்லை. சளியிலோ மலத்திலோ நகத்தோடு கூடிய லார்வா அடங்கிய அதன் முட்டை தெரிந்தால், உரிமையாளர் என்ன சொன்னாலும் அந்தப் பாம்பு காட்டு இரையைத் தின்றிருக்கிறது. ரத்தப் பூச்சில் ஹெபடோசூன் தெரிந்தாலும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வர வேண்டும். கானாவின் பால் பைத்தான்களிலிருந்தே அதில் ஒரு தனி இனம் 2007-இல் விவரிக்கப்பட்டது.

நல்ல வெளிச்சத்தில் செதில் செதிலாகப் பாருங்கள். நாசித் துளையின் விளிம்பு, கண்ணைச் சுற்றிய வளையம், தாடைக்கு அடியில் உள்ள நடுப்பள்ளம், மலவாய்க்கு முன்னுள்ள அகன்ற வயிற்றுச் செதில்களின் அடிப்புறம், இந்த நான்கு இடங்களையும் விட்டுவிடக் கூடாது. செதிலின் ஓரம் லேசாகத் தூக்கி நின்றால், அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓர் உண்ணி இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள்போலக் கரும்புள்ளிகள் கிடக்கின்றனவா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். அவை மூழ்கிச் செத்த ஓபியோனிசஸ் சிற்றுண்ணிகள். பழைய கடித்தழும்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிடுங்கிய உண்ணியைக் குப்பையில் போடாதீர்கள், ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். ஆடுமாடு பார்க்கும் மருத்துவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நாம் இன்னும் உணரவில்லை. ஹார்ட்வாட்டர் நோயைப் பரப்பும் ஆம்ப்ளியோம்மா உண்ணிகள் ஆப்பிரிக்க ஆமைகளோடு வந்திறங்கியதைக் கண்டு, 2000-ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்துறை மூன்று ஆமை இனங்களின் இறக்குமதியையே நிறுத்தியது. நம் நாட்டு மாடு, ஆடுகள் அந்த நோயைக் கண்டதில்லை. கடத்தல் பெட்டியில் ஆமையும் பாம்பும் சேர்ந்தே வருகின்றன.

வைரஸ்களைப் பொறுத்தவரை நம் கையில் மருந்து எதுவும் இல்லை. பைத்தான்களில் வாயில் சளியும் மூச்சுத்திணறலுமாக வரும் நோய்க்குப் பின்னால் நிடோவைரஸ் இருப்பது 2014-இல் தெரியவந்தது. நாம் இன்னும் அதை நிமோனியா என்று எழுதி, ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2012-இல் அடையாளம் காணப்பட்ட அரீனாவைரஸ், போவா பாம்புகளில் ஆண்டுக்கணக்கில் அறிகுறியே இல்லாமல் தங்கிவிடும். பைத்தானில் நரம்புக் கோளாறாகக் கிளம்பி விரைவில் கொன்றுவிடும். ஒரே அறையில் போவாவும் பைத்தானும் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறு நாள் தனி அறை, தனிக் கொக்கி, தனிக் கிண்ணம், கடைசியாகக் கவனிக்கப்படும் பெட்டி. இதற்குக் குறைவாக எதையும் நாம் தனிமைப்படுத்தல் என்று ஒப்புக்கொள்ளக் கூடாது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வீட்டுக்கு வெளியே நடக்கக்கூடியது. செல்லப்பிராணி வணிகத்தில் புளோரிடாவுக்குப் போன பர்மியப் பைத்தான்கள் எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகியது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவற்றோடு ரெய்லியெட்டியெல்லா ஓரியென்டாலிஸ் என்னும் ஆசிய நுரையீரல் நாப்புழுவும் போனது. கரப்பான்பூச்சியிலும் தவளை, பல்லிகளிலும் வளர்ந்து அது உள்ளூர்ப் பாம்புகளுக்குள் நுழைந்தது. அந்தப் பாம்புகளுக்கு இந்தப் புழுவோடு பழக்கமே இல்லை. பைத்தானில் வளர்வதைவிடப் பெரிதாக அவற்றின் நுரையீரலில் வளர்ந்தது. பைத்தான்கள் எட்டாத தூரத்திலும் பிக்மி ராட்டில் பாம்புகள் அதனால் செத்தன. பாம்பு போகாத இடத்துக்கும் புழு போய்விட்டது. கரப்பானுக்கும் தவளைக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. சாரையும் நல்ல பாம்பும் வயலில் எலி பிடித்துக்கொண்டிருக்கும் மண் இது. “வளர்க்க முடியல, ஏரிப்பக்கம் விட்டுடலாமா?” என்று கேட்பவரிடம் கூடாது என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்று உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

மனிதர்களுக்கு வரும் ஆபத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சால்மொனெல்லா எந்தப் பாம்பிலும் இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்து அதை ஒழிக்க முயல்வது எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமியை உருவாக்கும் வேலை, அதைச் செய்யாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ கீமோதெரபியில் இருப்பவரோ உள்ள வீட்டில் பாம்பு வேண்டாம். ஆப்பிரிக்கப் பைத்தான்களின் ஆர்மில்லிஃபர் நாப்புழு மனிதருக்கும் தொற்றும். முட்டை பாம்பின் சளியிலும் மலத்திலும் வருகிறது. பெரும்பாலும் அறிகுறியில்லாமல் இருந்து, பல ஆண்டு கழித்து எக்ஸ்ரேயில் சுண்ணாம்பேறிய பிறை வடிவங்களாகத் தெரியும். வாயைத் திறந்து பார்க்கும் நாமும் நம் உதவியாளர்களுமே முதலில் ஆபத்தில் இருப்பவர்கள். கையுறை இல்லாமல் பாம்பைப் பிடிப்பதை வீரமாகக் காட்டிப் படமெடுத்துப் போடும் இளம் மருத்துவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மூலத்தைக் கேட்டால் உரிமையாளர் பயப்படுகிறார், பொய் சொல்கிறார், அடுத்த முறை வராமலே போய்விடுகிறார் என்று சகமருத்துவர்கள் சொல்வது உண்மைதான். போலீஸ்காரர் குரலில் கேட்டால் அப்படித்தான் ஆகும். எப்போது வாங்கினீர்கள், கூட எத்தனை வந்தன, அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, முதலில் எதைத் தின்றது என்று மருத்துவராகக் கேட்டால் பதில் வருகிறது. உறைந்த எலியைத் தொடாமல் உயிருள்ள இரையை மட்டும் பிடிக்கிறது என்றால் காட்டுப் பாம்பு என்ற சந்தேகம் வலுக்கிறது. பதில் கிடைக்காத இடத்தில் ‘மூலம் தெரியாது’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பதிவு விதிகளை எடுத்துச் சொல்லி, பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பாம்பு செத்துவிட்டால் உடலைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான உரிமையாளர்கள் மறுப்பதில்லை. உறைநிலைப் பெட்டியில் போடாமல் சாதாரணக் குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் அறுத்துப் பாருங்கள். உறைந்த திசுவில் நோய்க்கூறு படிப்பது கடினம். நுரையீரலைக் கடைசிவரை, காற்றுப்பையின் நுனிவரை திறந்து பாருங்கள், நாப்புழு அங்கேதான் ஒளிந்திருக்கும். நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், கணையம், இரைப்பை, மூளை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பத்து சதவீத ஃபார்மலினில். புழுவும் உண்ணியும் ஸ்பிரிட்டில். புட்டியின் மேல் தேதியோடு பாம்பு வந்த வழியையும், தெரிந்த அளவுக்கு, எழுதி ஒட்டுங்கள்.