பெட்டிக்குத் தமிழ் தெரியுமா?

சேக்காட்டில் கூடும் எங்கள் சிறு வட்டத்தில் சிலரிடம் விண்டோஸ் கணினி உண்டு, சிலரிடம் உபுண்டு. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தமையால், ஒரே வீட்டிலும் இருவகை காணலாம். பழம்பதிப்புகளை ஸ்கேன் செய்து சேர்த்த கோப்புகள் இவற்றில் சிதறிக் கிடந்தன. எல்லாரும் எடுத்தாள ஒரு பொதுச் சேமிப்புப் பெட்டி ('நாஸ்' என்பது கடை வழக்கு) தேடி ரிச்சி தெருவிற்குச் சென்றோம். அங்கே பேச்செல்லாம் எத்தனை டெராபைட், என்ன விலை என்பதே. இவ்விரண்டும் கடைசியாகக் கேட்க வேண்டியவை என்பது எங்கள் கருத்து.

முதற்கேள்வி, பெட்டி பேசும் மொழி எது என்பது. லினக்ஸ் கணினிகளுக்கு என்எஃப்எஸ் இயல்பானது. விண்டோஸின் இல்லப் பதிப்பிலோ அதற்கு வழியில்லை. இரு சாராருக்கும் பொதுவானது எஸ்எம்பி. அதை லினக்ஸுக்குக் கொணர்ந்தது, ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருள். ஆகவே பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் சாம்பாவும் நிறுவினாலே போதும். பெட்டி வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. எஸ்எம்பியின் முதற்பதிப்பை மட்டுமே அறிந்த பழம்பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டா. 2017 மே மாதம் உலகை அலைக்கழித்த வான்னாக்ரை நுழைந்த வாயில் அதுவே.

இரண்டாவது கேள்வியை எந்தக் கடையிலும் கேட்டதில்லை: தமிழ்ப் பெயர்களைப் பெட்டி தாங்குமா? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு கோப்புப் பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையிலோ எல்லை 255 பைட். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். எனவே 85 குறியீடுகளே அடங்கும். 'க்', 'கா' போன்றவை இரு குறியீடுகளாலானவை ஆதலால், ஏறத்தாழ ஐம்பது எழுத்தில் பெயர் முடிந்துவிடும். சில பெட்டிகளில் மறையாக்க வசதியை இயக்கினால் எல்லை 143 பைட்டாகச் சுருங்கும். நூற்பெயர், உரையாசிரியர், பதிப்பாசிரியர், ஆண்டு என அனைத்தையும் பெயரிலேயே எழுதும் எம்மனோர்க்கு இது சிறு செய்தியன்று. எங்கள் கோப்புகள் சில இவ்வாறே ஏறாமல் நின்றன. அதைக் கவனியாமல் மூலத்தை அழித்துவிட்டு, நூல் தந்த பெரியவரின் வாயிலில் மீண்டும் போய் நின்றோம்.

இன்னொன்று: 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று; கணினிக்கு இரு வேறு பெயர்கள். லினக்ஸில் இடும் முக்காற்புள்ளியையும் வினாக்குறியையும் விண்டோஸ் ஏற்பதில்லை. குறும்பெயர் இட்டு, முழு விவரத்தைத் தனிப் பட்டியலில் எழுதுவதே நன்று.

மூன்றாவது, பெட்டி பழுதானால் வட்டைக் கழற்றி வேறு கணினியில் படிக்க முடியுமா? எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் இருந்த காலத்தைக் கண்டவர்கள் நாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறுங் கிறுக்கலாயிற்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற நேர்ந்தது. அத்தகைய சிறை இனி வேண்டா. எக்ஸ்ட்4 போன்ற திறந்த வடிவமே வேண்டும்.

இரு வட்டுகளில் ஒன்றையே எழுதும் 'ரெய்டு 1' முறையைக் காப்பு என மயங்கலாகாது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். 2015 டிசம்பர் வெள்ளம் போல் ஒன்று வந்தால் இரண்டும் ஒருங்கே நனையும். ஏடுகள் பல ஊர்களில் படியெடுக்கப்பட்டமையாற்றான் நம் நூல்கள் பிழைத்தன. ஆகவே பெரிய பெட்டி ஒன்றுக்கு ஈயும் பணத்தில், அளவான பெட்டி ஒன்றும் வேறொரு வீட்டில் வைக்கத் தனி வட்டு ஒன்றும் வாங்குக. நாங்கள் அவ்வாறே செய்தோம். அந்த வட்டு இப்போது ஆவடியில் நண்பர் ஒருவர் அலமாரியில், மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு இருக்கிறது.